சாவி டில்லியிலே! சாவு நம் கொட்டிலிலே!

அரிசிக்கு அரசியல் உண்டு, மொழிக்கு உண்டு, வரிக்கு உண்டு. ஆனால், கொட்டிலிலே கட்டியிருக்கும் கறவை மாட்டுக்கும், கொல்லையிலே மேயும் வெள்ளாட்டுக்கும், கூண்டிலே அடைபட்ட கோழிக்கும் கூடவா அரசியல் என்று கேட்டு முகம் சுளிப்போர் உண்டு. கேட்கட்டும். ஏழையின் வீட்டிலே வங்கிக் கணக்கு இல்லாதிருக்கலாம். இரண்டு ஆடு இருக்கும். விதவைத் தாய்க்கு நிலம் இல்லாதிருக்கலாம். ஒரு கறவை இருக்கும். மகளின் திருமணத்திற்கும், மகனின் கல்லூரிக் கட்டணத்திற்கும், மழை பொய்த்த ஆண்டின் பசிக்கும் அந்த ஆடும் மாடும்தான் ஈடு. அந்த ஈட்டைக் காப்பதா, கைவிடுவதா என்று தீர்மானிக்கும் சட்டம் ஒன்று இருக்குமானால், அந்தச் சட்டத்தைக் காட்டிலும் பெரிய அரசியல் வேறு எது?

அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. கடல் கடந்து கால்நடைகளையும், இறைச்சி, முட்டை, பால் பொருள்களையும் கொண்டுவருவதை ஒழுங்குபடுத்தும் சட்டம். அதன் பெயர் கால்நடை இறக்குமதிச் சட்டம். ஆண்டு என்ன தெரியுமா? 1898!

ஆம். விக்டோரியா அரசியார் வீற்றிருந்த காலத்தில், வைசிராய் ஆட்சியிலே பிறந்த சட்டம். யூனியன் ஜாக் கொடி இறங்கிற்று. மூவண்ணக் கொடி ஏறிற்று. அரசியல் சட்டம் எழுதப்பட்டது. பஞ்சாயத்துத் தேர்தல் முதல் பாராளுமன்றத் தேர்தல் வரை எத்தனையோ தேர்தல்கள் நடந்தேறின. ஆனால் நம் கொட்டிலுக்குக் காவல் நிற்பது இன்றளவும் அந்த 1898ஆம் ஆண்டுச் சட்டமே.

அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரு பள்ளிக்கூடத்து மாணவன் ஒரே மூச்சில் படித்து முடிக்கத்தக்க சின்னஞ்சிறு சட்டம். "கால்நடை" என்பதற்கு அது தரும் விளக்கத்திலே குதிரை முதலிடம் பெறுகிறது. பின்னே மாடு, ஒட்டகம், செம்மறி. "மற்றும் அரசு குறிப்பிடும் வேறு விலங்குகள்" என்று ஒரு வால். நோய்களின் பட்டியலிலே அடைப்பான் உண்டு, சொறி உண்டு, குதிரையைத் தாக்கும் கிளாண்டர்ஸ் உண்டு. வெள்ளைக்காரனின் படைக்குக் குதிரை தேவைப்பட்டது. குதிரைக்கு முதலிடம் தந்தான். வியப்பில்லை. நாமக்கல்லின் கோழி அவன் நினைவுக்கு வரவில்லை. அன்று நாமக்கல்லில் இன்றைய பண்ணைகளும் இல்லை. அவனைக் குறை கூறிப் பயன் என்ன? அவன் போய்விட்டான். போனவன் விட்டுச்சென்ற பழஞ்சட்டையை, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, இன்னமும் நமக்கு அணிவித்து அழகு பார்க்கிறார்களே டில்லியிலே உள்ளோர், அவர்களை அல்லவா கேட்க வேண்டும்!

ஒட்டு எப்போது போட்டார்கள்? 2001ஆம் ஆண்டிலே. ஏன் அப்போது? மாடு வளர்ப்போன் மனு கொடுத்தான் என்றா? மாநிலங்கள் மன்றாடின என்றா? இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நாள், உலக வாணிப அமைப்புக்குத் தந்த வாக்குப்படி, இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளை டில்லி அரசு நீக்கிற்று. அணை திறந்தாயிற்று, வெள்ளம் வரும் என்ற அச்சம் அதற்குப் பிறகு வந்தது. உடனே ஓர் அவசரச் சட்டம். பிறகு திருத்தச் சட்டம். இறைச்சி, முட்டை, முட்டைத் தூள், பால் பொருள், கருமுட்டை, விந்து, வளர்ப்புப் பிராணிகளின் தீனி ஆகியவை "கால்நடைப் பொருள்கள்" என்று புதிதாகப் புகுத்தப்பட்டன. சுகாதார இறக்குமதி அனுமதிச் சீட்டு இல்லாமல் அவை வரக்கூடாது என்று விதி செய்தார்கள். அந்தச் சீட்டை யார் தருவது? டில்லி. எந்த நாட்டுக்குத் தடை, எந்த நாட்டுக்கு விடை என்று அரசிதழிலே அறிவிக்கை போடுவது யார்? டில்லி. மாநிலத்தைக் கேட்டா? கேட்க வேண்டும் என்று சட்டத்திலே ஒரு சொல் கிடையாது.

இங்கேதான் வேடிக்கையும் இருக்கிறது, வேதனையும் இருக்கிறது. அதே 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவைப் பாருங்கள். வந்திறங்கிய கால்நடையைத் தடுத்து வைக்கவும், சோதிக்கவும், தொற்று நீக்கவும், தேவையானால் அழிக்கவும் விதி செய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு என்கிறது. துறைமுகத்திலே நோய் இறங்கினால், அதை முதலில் எதிர்கொள்பவன் அந்த மண்ணின் அதிகாரிதான் என்பதை, கொடுங்கோலன் என்று நாம் கூறும் வெள்ளையனின் சட்டமே ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறது! குடியரசு கண்ட டில்லியோ, 2001இலே புதிதாகச் சேர்த்த பிரிவை முழுதும் தன் மடியிலே முடிந்துகொண்டது.

*

"இறக்குமதி என்பது வெளிநாட்டு வாணிபம், சுங்க எல்லை, அது மத்திய அரசின் அதிகாரம் அல்லவா?" என்று சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் குறுக்கிடக்கூடும். நல்ல கேள்வி. மறைக்காமல் விடை சொல்வோம்.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை விரித்துப் பார்ப்போம். மத்தியப் பட்டியலிலே 41ஆவது இனம்: வெளிநாட்டு வாணிபம், சுங்க எல்லை. 28ஆவது இனம்: துறைமுகத் தொற்றுத் தடுப்பு. உண்மைதான், இரண்டும் டில்லிக்கு உரியவை. ஆனால் அதே அட்டவணையின் மாநிலப் பட்டியலிலே 15ஆவது இனம் என்ன கூறுகிறது? கால்நடைகளைப் பேணுதல், காத்தல், மேம்படுத்தல், விலங்கு நோய்களைத் தடுத்தல், கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும்! விலங்கு நோயைத் தடுப்பது மாநிலத்தின் கடமை என்று எழுதி வைத்தவர்கள் நம் கழகத்தார் அல்லர். அரசியல் நிர்ணய சபையிலே அமர்ந்திருந்த மேதைகள். பொதுப் பட்டியலிலே 29ஆவது இனம், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்கு நோய் பரவாமல் தடுப்பதை இரு அரசுகளுக்கும் பொதுவாக்குகிறது.

ஆக, மூன்று பட்டியலையும் சேர்த்துப் படித்தால் விளங்குவது என்ன? வாயிற்கதவு டில்லியுடையது, வீடு மாநிலத்தினுடையது, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலே உள்ள தெரு இருவருக்கும் பொது. கதவைத் திறக்கும்போது வீட்டுக்காரனைக் கேட்காதே என்று எந்தப் பட்டியலிலும் எழுதப்படவில்லை. ஊர்க்காவலன் ஒருவன், வாயிற்கதவின் சாவியைத் தன் இடுப்பிலே செருகிக்கொண்டு, வந்தவனை எல்லாம் உள்ளே விடுகிறான். வந்தவர்களிலே ஒருவன் அம்மை நோயாளி. வீட்டிலே குழந்தைகள் படுத்துவிட்டன. "ஏனப்பா விட்டாய்?" என்றால், "சாவி என்னுடையது; வைத்தியம் உன்னுடையது" என்கிறான். இப்படி ஒரு காவலனை எந்த ஊர் பொறுத்துக்கொள்ளும்?

வைத்தியம் நம்முடையதுதானா என்று ஐயுறுவோர், 2009ஆம் ஆண்டு பாராளுமன்றம் நிறைவேற்றிய விலங்குத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டத்தைப் புரட்டட்டும். நோய்ப் பகுதியை அறிவிப்பது மாநில அரசு. சோதனைச் சாவடி அமைப்பது மாநில அரசு. கால்நடை மருத்துவர்களை அமர்த்துவது மாநில அரசு. பறவைக் காய்ச்சல் வந்தால் பாதுகாப்பு உடை அணிந்து, கூண்டு கூண்டாகச் சென்று, கோழியைக் கொன்று குழியிலே புதைப்பவர் மாநிலத்தின் ஊழியர். கோழியை இழந்தவனுக்குத் தரும் இழப்பீட்டிலே பாதி மாநிலத்தின் கருவூலத்திலிருந்து வருகிறது. அனுமதிச் சீட்டிலே கையெழுத்திடும்போது மட்டும் மாநிலத்துக்குப் பாதி வேண்டாம், பத்திலே ஒரு பங்குகூடக் கிடையாது! செலவிலே பாதி, சொல்லிலே சுழி! இதற்குப் பெயர் கூட்டாட்சியா?

*

"நோய் என்ன கப்பலிலா வந்துவிடப் போகிறது? பூச்சாண்டி காட்டாதீர்" என்பார் சிலர். பூச்சாண்டி அல்ல, வரலாறு.

1920ஆம் ஆண்டிலே, இந்திய மாடுகள் பிரேசில் நாட்டுக்குக் கப்பலேறின. வழியிலே பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அந்த மாடுகளின் உடலிலே வெக்கை நோய் இருந்தது. துறைமுகத்திலிருந்து நோய் பெல்ஜிய மாடுகளைப் பிடித்தது. ஐரோப்பா அதிர்ந்தது. பாரிசிலே மாநாடு கூட்டினார்கள். 1924ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், 28 நாடுகள் கையெழுத்திட்டு விலங்கு நோய்களுக்கான உலக அலுவலகத்தை அமைத்தன. உலக விலங்கு நல அமைப்பு என்று இன்று வழங்குவது அதுதான். நம் நாட்டு மாடு சுமந்து சென்ற நோய்தான் அந்த உலக அமைப்புக்கே காரணம்! அந்த வெக்கை நோயை விரட்ட நம் கால்நடை மருத்துவர்கள் எத்தனை ஊர், எத்தனை தொழுவம், எத்தனை ஊசி என்று அலைந்தார்கள்! 2006இலே இந்தியா அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. 2011இலே உலகமே விடுபட்டது. ஒரு நோயை விரட்ட எத்தனை தலைமுறை உழைக்க வேண்டியிருக்கிறது. உள்ளே விட ஒரு கப்பல் போதுமானதாக இருக்கிறது!

1957ஆம் ஆண்டு. போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நகரம். வானூர்திகளிலே மிஞ்சிய உணவுக் கழிவை அருகே இருந்த பன்றிகளுக்குப் போட்டார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஐரோப்பாவுக்குள் அப்படித்தான் காலடி வைத்தது. 2007இலே ஜார்ஜியா, 2018இலே சீனம், 2020இலே நமது அசாமும் அருணாசலமும். வடகிழக்கிலே பன்றி வளர்ப்போர் யார்? பெருமுதலாளிகளா? வீட்டுப் பின்புறத்திலே இரண்டு மூன்று வளர்த்து வயிறு கழுவும் மலைவாழ் மக்கள். அந்நோய்க்கு மருந்து கிடையாது. பன்றி செத்தது, அவர்களின் சேமிப்பும் அதோடு செத்தது.

செல்வச் செழிப்புள்ள நாடுகளின் கதை என்ன? 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிரிட்டனிலே கோமாரி. வடக்கே ஒரு பன்றிப் பண்ணையிலே, கொதிக்க வைத்துத் தூய்மை செய்யாத உணவுக் கழிவைப் பன்றிக்குப் போட்டார்கள். அதிலே கள்ளத்தனமாக வந்த வெளிநாட்டு இறைச்சி கலந்திருந்திருக்க வேண்டும் என்பதே ஆய்ந்தோர் கொண்ட முடிவு. விளைவு? 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்று குவித்தார்கள். மே 3ஆம் நாள் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலையே ஜூன் 7ஆம் நாளுக்குத் தள்ளி வைத்தார்கள். ஆடு மாட்டுக்கு அரசியல் உண்டா என்று கேட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்: உலகப் பேரரசாக விளங்கிய நாட்டின் தேர்தல் தேதியையே ஒரு துண்டு இறைச்சி மாற்றிற்று!

அறிவியல் கூறும் காரணம் எளிது. உறைய வைத்த இறைச்சியிலே நோய்க் கிருமி சாவதில்லை, உறங்குகிறது. எலும்பின் மச்சையிலே, நிணத்திலே பதுங்கிக் கடல் கடக்கிறது. கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும் விலங்கும் நோயின்றி இருப்பதாகப் பொருள் இல்லை. கிருமி புகுந்து சில நாள்கள், சில வாரங்கள் கழித்தே குறி தோன்றும். ஆகவேதான் தனித்து வைத்துப் பார்க்க வேண்டும்; ஆகவேதான் ஏற்றுமதி செய்யும் நாட்டின் மருத்துவர் சான்று வேண்டும்; ஆகவேதான் இறங்கும் துறையிலே சோதனை வேண்டும். சான்று, காவல், சோதனை ஆகிய இம்மூன்று கால்களிலே ஒன்று ஒடிந்தாலும் முக்காலி கவிழும்.

நம் நாட்டிலே இந்த முக்காலி எப்படி இருக்கிறது? டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, ஐதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களிலே தொற்றுத் தடுப்பு நிலையங்கள் இருக்கின்றன. தென்னாட்டுக் கடற்கரைக்குச் சென்னை பள்ளிக்கரணையிலே ஒன்று. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டிலே கால்நடை 53 கோடிக்கு மேல். கோழி முதலிய வளர்ப்புப் பறவை 85 கோடிக்கு மேல். அதிலே 12 கோடிக்கு மேற்பட்ட பறவைகளை வளர்த்து முதலிடத்தில் நிற்பது தமிழ்நாடு. நாமக்கல்லிலே ஒரு கோழி கழுத்தைத் தொங்கப்போட்டுச் சுருண்டால், பறவைக் காய்ச்சல்தானா என்று இறுதியாகச் சொல்ல வேண்டியது போபாலிலே உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வுக் கூடம். முதலிடம் வகிக்கும் மாநிலத்துக்கு அத்தகைய ஆய்வுக் கூடம் ஒன்று தர டில்லிக்கு மனம் வந்ததா?

*

இனி ஜெனிவாவுக்குப் போவோம். டில்லியின் திறமை அங்கேதான் அரங்கேறிற்று.

பறவைக் காய்ச்சல் 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் மராட்டியத்தின் நவாப்பூரிலே முதன்முதலாக நம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாடுகள் பல இந்திய முட்டைக்குக் கதவடைத்தன. நோயே இல்லாத நாமக்கல்லிலும் முட்டை தேங்கிற்று, விலை விழுந்தது, பண்ணையாளர் கடனாளியானார். பின்னர், பறவைக் காய்ச்சல் கண்ட நாடுகளிலிருந்து கோழி, முட்டை முதலியன வரக்கூடாது என்று டில்லி தடை போட்டது. 2011ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் அறிவிக்கையாகப் புதுப்பித்தது. கடும் நோய்க்கும் தடை, வீரியம் குறைந்த வகைக்கும் தடை. தடை போட்டது தவறென்று நாம் கூறவில்லை. தன் மக்களையும் கால்நடையையும் காக்க, தனக்கு வேண்டிய அளவு பாதுகாப்பை ஒவ்வொரு நாடும் வகுத்துக்கொள்ள உலக வாணிப ஒப்பந்தமே இடம் தருகிறது. ஒரே ஒரு நிபந்தனை: அறிவியல் சான்று காட்டு, இடர் மதிப்பீடு செய்து, இன்னின்ன காரணத்தால் இன்னின்ன ஆபத்து என்று எழுதி வை.

2012ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. ஏன் தொடுத்தது? அமெரிக்கர் கோழியின் நெஞ்சுக் கறியை விரும்பி உண்பர். காலை அவ்வளவாக விரும்பார். மிஞ்சிய காலை எங்கே தள்ளுவது? நம் சந்தை கண்ணுக்குத் தெரிந்தது. வாணிகன் தன் வாணிபத்தைப் பார்த்தான். அது அவன் தொழில். நம் காவலன் என்ன செய்தான்?

கையை விரித்தான்! இடர் மதிப்பீடு எங்கே என்று கேட்டார்கள், இல்லை. உலக அமைப்பின் நெறியைப் பின்பற்றினோம் என்றார்கள். அந்த அமைப்பின் நெறியோ, வீரியம் குறைந்த நோய்க்காக இறக்குமதியை முழுதும் தடுக்கச் சொல்லவில்லை என்று காட்டப்பட்டது. அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: "உம் நாட்டிலே ஒரு மாவட்டத்திலே நோய் வந்தால், சுற்றிப் 10 கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள்ளேதான் கட்டுப்பாடு விதிக்கிறீர். எம் நாட்டிலே ஒரு மூலையிலே வந்தால், நாடு முழுவதற்குமே தடை போடுகிறீர். இது என்ன நியாயம்?" டில்லிக்கு விடை இல்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபரில் நடுவர் குழுத் தீர்ப்பு: இந்தியா தோல்வி. 2015ஆம் ஆண்டு ஜூனில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு: மீண்டும் தோல்வி.

கவனியுங்கள் தோழர்களே! தோற்றது பாதுகாப்பு என்னும் கொள்கை அல்ல. தோற்றது சோம்பல். தோற்றது, அரசிதழிலே ஓர் அறிவிக்கை போட்டால் ஆட்சி நடந்துவிட்டது என்று எண்ணும் செருக்கு. நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் அறிஞர்களை அழைத்து, மாநிலங்களின் துறைகளைக் கேட்டு, நோய்க் கணக்கைத் திரட்டி, ஆறு திங்கள் உட்கார்ந்து எழுதியிருந்தால் ஜெனிவாவிலே காட்ட ஒரு சான்று இருந்திருக்கும். கேட்டால்தானே கிடைக்கும்? மாநிலத்தைக் கேட்பதே இழுக்கு என்று எண்ணுவோர் எப்படிக் கேட்பர்?

அதன் பிறகு? ஆண்டுக்கு 45 கோடி டாலர் அளவுக்குப் பழிவாங்கும் வரி விதிக்க அனுமதி கொடு என்று 2016இலே அமெரிக்கா கேட்டது. இழுபறி நீடித்தது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரிலே, டில்லியில் உலகத் தலைவர்கள் கூடிய மாநாட்டையொட்டி வழக்கு "சுமுகமாக" முடிந்தது என்று அறிவித்தார்கள். உறைய வைத்த வான்கோழி, வாத்து ஆகியவற்றின் இறக்குமதி வரி 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கோழிக் காலுக்கு 100 விழுக்காடு வரி என்னும் வேலி அப்போது தப்பிற்று. வேலி தப்பிற்றே என்று மகிழலாம். வேலி வரியாலே நிற்கிறதே தவிர, அறிவியலாலே நிற்கவில்லையே என்று அஞ்சவும் வேண்டும். வரி என்பது பேரம் பேசும் மேசையிலே ஒரே இரவில் கரையக்கூடியது. அறிவியல் சான்று அப்படிக் கரையாது.

பாலின் கதையையும் கூறுவோம். மாட்டின் உறுப்பையும் இரத்தத்தையும் எலும்பையும் தூளாக்கித் தீனியாகப் போட்ட பசுவின் பால் பொருள் எமக்கு வேண்டாம் என்று, இந்தியா 2003ஆம் ஆண்டு முதல் சான்று கேட்டுவருகிறது. மாட்டுக்கு மாட்டையே தீனியாகப் போட்டதால் பிரிட்டனிலே என்ன நேர்ந்தது என்பதை உலகம் கண்டது. 1996இலே ஐரோப்பாவே பிரிட்டனின் மாட்டிறைச்சிக்குத் தடை விதித்தது. ஆகவே, கேட்பதிலே தவறில்லை. ஆனால் டில்லி அதற்கு முதற்காரணமாகக் கூறுவது என்ன? சமய உணர்ச்சி! நோய்த் தடுப்பு என்னும் கோட்டையிலே நின்று போராட வேண்டிய வழக்கை, நம்பிக்கை என்னும் கூடாரத்திலே நின்று பேசுகிறார்கள். 2019இலே அமெரிக்கா நமக்குத் தந்திருந்த வரிச் சலுகையைப் பறித்ததற்குக் கூறிய குறைகளிலே பால் பொருளும் ஒன்று. 2025ஆம் ஆண்டு வாணிபப் பேச்சிலும் பால்தான் இடறுகல். விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று மேடையிலே முழக்கம் கேட்டது. முழக்கம் நன்று, ஆனால் ஜெனிவாவிலே முழக்கத்தைச் சான்றாக ஏற்பதில்லை!

*

"பழைய சட்டத்தை மாற்ற நாங்கள் முயலவில்லையா?" என்று டில்லியின் ஆதரவாளர் கேட்பர். முயன்றீர்கள், எப்படி முயன்றீர்கள் என்பதையும் நாடு கண்டது. 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களிலே, கால்நடை இறக்குமதி ஏற்றுமதி மசோதா என்று ஒரு வரைவை வெளியிட்டார்கள். 1898ஆம் ஆண்டுச் சட்டம் காலத்துக்கு ஒவ்வாதது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். உயிருள்ள விலங்குகளைக் கப்பலேற்றி விற்க வழி செய்வதா என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஜூன் திங்களிலேயே வரைவைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். எதிர்ப்புக்குப் பணிந்தது சரி. ஆனால் கேட்கிறோம்: ஏற்றுமதிப் பகுதியை நீக்கிவிட்டு, இறக்குமதிப் பாதுகாப்பை மட்டும் தனியே எடுத்துச் செப்பனிட்டு, மாநிலங்களின் முன் வைத்திருக்கலாகாதா? குளிப்பாட்டிய நீரோடு குழந்தையையும் கொட்டுவானேன்?

மற்றோர் எதிர்வாதமும் உண்டு. "ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதி செய்தால் உலகம் நம்மோடு வாணிபம் செய்யுமா? நாட்டுக்கு ஒரே விதி வேண்டாமா?" வேண்டும்! மறுத்தவர் யார்? எல்லைக்கு ஒரே விதி இருக்கட்டும். அந்த ஒரே விதியைச் செய்யும் மேசையிலே எங்களுக்கும் ஒரு நாற்காலி போடு என்பதுதான் கோரிக்கை. மேசையை இரண்டாக உடைக்கச் சொல்லவில்லை. மேலும் ஒன்று: பறந்து வரும் பறவையிடம் அனுமதிச் சீட்டு கேட்க முடியாது என்பதை நாமும் அறிவோம். 1987ஆம் ஆண்டு, அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்து அரசூரிலே, ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. எல்லாக் கதவையும் அடைத்தாலும் சில நோய் நுழையும். அதனால்தான் சிற்றூர்க் கால்நடை மருந்தகம் வலுவாக இருக்க வேண்டும் என்கிறோம். அதனால்தான் அதை நடத்தும் மாநிலத்தின் கை வலுவாக இருக்க வேண்டும் என்கிறோம். நோயை முதலில் காண்பது அரசூரின் கண். கிரிஷி பவனத்தின் கண் அல்ல!

இது நமக்குப் புதிய குரலா? 1969இலே இராசமன்னார் குழு அமைத்தது, 1971இலே அக்குழு அறிக்கை தந்தது, 1974இலே சட்டமன்றத்திலே மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேறியது, 2025இலே மீண்டும் நீதியரசர் குரியன் ஜோசப் தலைமையிலே குழு அமைத்தது, எல்லாம் ஒரே பாதையின் மைல்கற்கள். மாநில சுயாட்சி என்றால் கோட்டையிலே கொடி யார் ஏற்றுவது என்பது மட்டும்தான் என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அல்ல. கொட்டிலிலே கட்டிய மாடு சாகாமல் இருப்பதும் மாநில சுயாட்சிதான்!

ஆகவே, நாம் கேட்பது இவை:

ஒன்று: 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை விடுத்து, பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட புதுச்சட்டம் வேண்டும். அதன் வரைவை மாநில மொழிகளிலே வெளியிட வேண்டும். மாநில அரசுகளின் கருத்தைக் கேட்டே சட்டமாக்க வேண்டும்.

இரண்டு: எந்த நாட்டுக்கு விடை, எந்த நாட்டுக்குத் தடை என்று தீர்மானிக்கும் நிலையான குழு ஒன்று வேண்டும்; அதிலே கால்நடை மிகுந்த மாநிலங்களுக்கு உரிமையோடு கூடிய இடம் வேண்டும்.

மூன்று: இடர் மதிப்பீடு செய்து, அதை வெளிப்படையாக அச்சிட்ட பின்னரே அனுமதிச் சீட்டு தர வேண்டும். ஜெனிவாவிலே இனி ஒரு முறை கை விரிக்கும் இழிவு வரக்கூடாது.

நான்கு: துறைமுகத்துக்கும் வானூர்தி நிலையத்துக்கும் போதிய மருத்துவர், தென்னாட்டுக்கு ஓர் உயர் பாதுகாப்பு ஆய்வுக் கூடம்.

ஐந்து: டில்லி திறந்த கதவின் வழியே நோய் வந்ததென்று மெய்ப்பிக்கப்பட்டால், இழப்பீடு முழுவதும் டில்லியின் பொறுப்பு. பாதி அல்ல, முழுவதும்!

இவற்றிலே எது பிரிவினை? எது பேராசை? எது நடக்க முடியாதது?

தோழர்களே, படிப்பகத்திலே, கிளைக் கூட்டத்திலே, பால் கூட்டுறவுச் சங்கத்து வாயிலிலே, ஆட்டுச் சந்தையிலே இதை எடுத்துப் பேசுங்கள். சட்டப் பிரிவின் எண் கூறிப் பேச வேண்டியதில்லை. "உன் ஆட்டுக்கு நோய் வந்தால் யார் வருவார்?" என்று கேளுங்கள். "நம் ஊர்க் கால்நடை மருத்துவர்" என்பான். "அந்த நோயை வெளியிலிருந்து உள்ளே விடலாமா கூடாதா என்று அந்த மருத்துவரை, அவருடைய துறையை, அவருடைய அரசை யாராவது கேட்டார்களா?" என்று அடுத்துக் கேளுங்கள். அவன் சிந்திக்கத் தொடங்குவான். சிந்திக்கத் தொடங்கிய உழவனின் கேள்விக்கு விடை கூறாமல் எந்த டில்லியும் நீண்ட நாள் இருந்ததில்லை.

சாவியிலே நமக்கும் ஒரு பங்கு கேட்போம். கேட்டுப் பெறுவோம்!